நாற்பத்தொன்று

பர்கூர் பிரிவு ரோட்டில்
கிரானைட் லாரியின் நிழலுக்குள் கிடந்ததாம்.
"ஒரு மாசம்தான். யாராவது எடுத்துக்கிற வரைக்கும்"
அட்டைப்பெட்டியை நீட்டினான் சம்பங்கி.
வேன் இஞ்சினை அவன் அணைக்கவே இல்லை.

பெயர் வைக்கக் கூடாது என்பது
நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.
கால்நடை ஆஸ்பத்திரியில்
பெயர் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி
டாக்டர் நிமிர்ந்தார்.
விருந்தாளி, என்றேன்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டார்:
விருந்தாளி. பெண். சுமார் மூன்று வயது. ஒன்பது கிலோ.
உண்ணிக் காய்ச்சல். பழைய டிஸ்டெம்பர். வலிப்பு.
கடைசிச் சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு.
"வந்தா வாயில கை வைக்காதீங்க.
விளக்கை அணைச்சுட்டு எண்ணுங்க.
முன்னூறைத் தாண்டினா மட்டும் கூப்பிடுங்க."

மாம்பழக் கூழ் ஆலையில்
சர்க்கரை அளவு பார்ப்பது என் வேலை.
சீசன் முழுக்கப் பெங்களூரா வாசம்
உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வீடு வரும்.
அவள் முதலில் நக்கியது என்னை அல்ல,
அந்தக் கூழை.
அதில் எனக்கு மயக்கம் ஒன்றும் இல்லை.

காலையில் அரை மாத்திரை, இரவில் அரை.
இட்லியில் புதைத்தால்
இட்லி உள்ளே போகும், மாத்திரை வெளியே விழும்.
கேழ்வரகுக் களியிடம்தான் தோற்றாள்.
களியை மெல்ல முடியுமா என்ன,
விழுங்கத்தானே வேண்டும்.

"நாய் வச்சுக்கக் கூடாதுன்னு பேசியிருந்தோமே"
வீட்டுக்காரர் மாதையன் கேட்டார்.
வச்சுக்கல சார்,
வந்திருக்கு.

வா என்றால் வரமாட்டாள்.
காது போய்விட்டதோ என்று
தட்டைத் தட்டிப் பார்த்தேன்.
மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து லலிதம்மா
"ரா, ஈடிகி ரா" என்றதும்
வால் அசைந்தது.
ஆக, தெலுங்கு பேசும் வீடு ஒன்று இருந்திருக்கிறது.
முதல் வலிப்பைப் பார்த்துப் பயந்தார்களோ,
பேய் என்றார்களோ.
கேட்க எனக்குத் தெலுங்கு போதாது.
சொல்ல அவளுக்கு எதுவும் போதாது.

பதினோராம் நாள் ராத்திரி
சமையலறைத் தரையில்
நான்கு கால்களும்
தண்ணீரில்லாத ஓர் ஆற்றை நீந்தின.
விளக்கை அணைத்தேன்.
ஒன்று இரண்டு என்று தொடங்கி
எங்கோ இங்கிலீஷுக்கு மாறி
தொண்ணூற்றாறில் நின்றேன்.
எழுந்தவளுக்கு என்னைத் தெரியவில்லை.
பீரோவில் மோதினாள், கதவில் மோதினாள்,
கால் மணி கழித்து என் கணுக்காலை முகர்ந்து
சரி, நீதானா என்று படுத்துக்கொண்டாள்.

பழைய நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்.
96. 70. 112. 58.
பிறகு பத்தொன்பது நாள்: எதுவுமில்லை.
எதுவுமில்லை என்பதையும்
ஒவ்வொரு நாளும் எழுதினேன்.

போட்டோ பார்த்து நிறையப் பேர் அழைத்தார்கள்.
வலிப்பு என்றதும் அவர்களுக்கு டவர் கிடைக்காமல் போயிற்று.
ஒருவர் மட்டும்
"பாதி விலைக்குத் தர்றீங்களா?" என்றார்.
விலையே இல்லை என்றேன்.
சந்தேகப்பட்டு வைத்துவிட்டார்.
ஒரு மாதம் ஐந்தானது.
ஆலையில் கடைசி டிரம்மும் சீல் ஆகிவிட்டது.

ஓசூரிலிருந்து முனிரத்தினம் வந்தார்,
சிப்காட்டில் லேத் ஓட்டுபவர்.
நான் ஒப்பித்ததை எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"என் தம்பிக்கும் இருக்குதுங்க.
எங்க வீட்ல எல்லாருக்கும் எண்ணத் தெரியும்."

நோட்டைக் கொடுத்தேன். துண்டைக் கொடுத்தேன்.
களியின் பதத்தை இரண்டு முறை சொன்னேன்.
ரா, என்றார். போனாள்.
திரும்பிப் பார்த்தாளா என்று ஆலையில் கேட்கிறார்கள்.
ஆட்டோவின் எந்தப் பக்கம் ஏறுவது என்பதில்தான்
அவள் கவனமெல்லாம்.

பன்னிரண்டு நாள் கழித்து
நடுராத்திரி ஒன்றே முக்காலுக்கு போன்.
ஹலோ இல்லை.
தரையில் நகங்கள் பிராண்டும் ஓசை,
அதன் மேல் ஓர் இளைஞனின் குரல், அவசரமில்லாமல்:
இரவை ரெண்டு. இரவை மூடு.
எழுந்துபோய் என் விளக்கையும் அணைத்தேன்.
இருபத்து நான்கு, என்றேன்.
முப்பது. முப்பத்தேழு.
அங்கே ஓசை நின்றபோது
நான் நாற்பத்தொன்றில் இருந்தேன்.
நலபை ஒகட்டி, என்றான் அவனும்.

இருட்டிலேயே நோட்டுக்குக் கை நீட்டினேன்.
அது ஓசூரில் இருந்தது.