நாலாயிரத்து நூற்று எண்பத்தாறு

லியபாயாவில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
கடலிலிருந்து கிளம்பி, டிராம் கம்பியைச் சீண்டிவிட்டு,
ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிவரை வருகிறது.
அங்கே மட்டும் அதை உள்ளே விடுவதில்லை.
கதவு தடித்த ஒரு பெட்டிக்குள் என்னை உட்காரவைத்து
ஹெட்போனை மாட்டினார்கள்.
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தணும், அவ்வளவுதான்.

கேட்டது, அழுத்தினேன். கேட்டது, அழுத்தினேன்.
பிறகு வெகுநேரம் பெட்டி சும்மா இருந்தது.
கண்ணாடிக்கு அப்பால் டாக்டர் ஸெல்மா
எதையோ திருகிக்கொண்டே இருந்தாள்.
மழை விட்டதென்று நினைத்துக்
குடையை மடக்குகிறவள் போல
நான் ஹெட்போனைக் கழற்றப் போனேன்.

வரைபடத்தில் வலது காதின் கோடு
சமதரையில் நடந்து வந்து
ஓரிடத்தில் கிணற்றுக்குள் விழுந்திருந்தது.
"நாலாயிரம் அதிர்வுக்குப் பக்கத்தில்," என்றாள்.
"தொழிற்சாலையில் வேலையா?"

இல்லை. பிக்கோலோ.
ஒரு முழத்துக்கும் குறைந்த கறுப்புக் கட்டை,
புல்லாங்குழலின் கோபக்காரத் தங்கை.
அதன் உச்சிச் சுரம் நொடிக்கு
நாலாயிரத்து நூற்று எண்பத்தாறு முறை துடிக்கும்.
பத்தொன்பது வருஷமாய்
என் வலது காதுக்கு நாலு விரற்கடை தள்ளி
நானேதான் அதைத் துடிக்கவிட்டேன்.

புதிதாய் வருகிறவர்கள் பலமாய் ஊதுவார்கள்.
முகம் சிவக்கும், பக்கத்து வீட்டு நாய் எழும், சுரம் வராது.
மேலே போகப்போக மூச்சு இளைக்க வேண்டும்.
உதட்டில் எள் நுழையும் சந்து போதும்;
வயிறு மட்டும் கீழே பாறாங்கல்லாய் நிற்கணும்.
விரல்களோ,
கீழ் ஸ்தாயியில் மாடிப்படி ஏறுகிற மாதிரி ஒழுங்காய்ப் போனவை,
உச்சியில் பூட்டு நெம்பும் திருடனுடையவை:
இதைத் திற, அதை மூடு, நடுவில் ஒன்றைத் திற,
ஏனென்று கேட்காதே.

இதெல்லாம் இன்னும் என்னிடம் இருக்கிறது.
சுரம்தான் இல்லை.
ஊதினால் கடைவாய்ப் பல்லில் தகரம் உரசுகிறது,
காதில் வெறும் சீறல்.
எனக்கிருந்த ஒரே சாட்சி
இடப்பக்க நாற்காலியின் தாலிவால்டிஸ்.
சுருதி சேர்ந்தால் அவனுடைய வலது கண் மட்டும் சுருங்கும்.
கொஞ்சம் ஏறிவிட்டால் இரண்டு கண்ணும்.
அவனுக்கே தெரியாது. நான் சொன்னதில்லை.
ஒரு வருஷமாய் அந்தக் கண்ணைத்தான் வாசிக்கிறேன்.

நேற்று அவனுக்குக் காய்ச்சல்.
ரீகாவிலிருந்து பஸ்ஸில் ஒரு பெண்ணை அனுப்பினார்கள்.
மதரா, இருபத்துமூன்று வயது,
காதில் ஆரஞ்சு நிற நுரை அடைப்பான்.
"தப்பா நினைக்காதீங்க, பிக்கோலோவுக்குப் பக்கத்து இடம்னு சொன்னாங்க,"
என்று சிரித்தாள்.
புத்திசாலிப் பெண்.

நூற்றுப் பதினாறு தாள அளவு நான் சும்மா இருக்கணும்.
எண்ணினேன்.
பிறகு அந்த ஒற்றைச் சுரம், அதுவும் மெல்ல.
மெல்ல என்று எழுதியவன்
ஊதிப் பார்த்தவனாய் இருக்க முடியாது.

எள். பாறாங்கல். திருடன்.

தகரம் உரசியது.
மதராவின் முகம் தபால்பெட்டி மாதிரி இருந்தது.
கோல் வீசுகிறவர் செல்லோக்கள் பக்கம் திரும்பிவிட்டார்;
நன்றாய் வந்தாலும் அப்படித்தான் திரும்புவார்,
வராவிட்டாலும்.
முன்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
அது கேட்டது.

கட்டையை மடியில் வைத்தேன். சூடாக இருந்தது.
கையில் வைத்திருந்தாலே அது சூடாகும்,
அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

இடைவேளையில் அடைப்பானை உருவியபடி மதரா கேட்டாள்:
"எனக்கு ஒண்ணும் கேட்கலை. நல்லா வந்ததா?"
"எனக்கும்தான்," என்றேன்.
பெரிதாய்ச் சிரித்தாள். கூடவே நானும்.

வீட்டுக்கு வரும்போது மணி பதினொன்று.
வாசற்கதவின் சாவித் துவாரத்தில்
காற்று வாய் வைத்திருந்தது,
என் சுரத்துக்கு மூன்று ஸ்தாயி கீழே,
சுருதி கொஞ்சம் இறங்கி,
நடுவில் மூச்சு வாங்காமல்.
சாவியைக் கையில் பிடித்தபடி
வெளியிலேயே நின்றேன்,
துவாரத்தை அடைக்க மனசில்லாமல்.