இருபத்தைந்து வாட்

க்யூர்பீப்பில் வெயில் ஒரு விருந்தாளி.
வந்தால் உட்காராது.
மழைதான் வீட்டுக்காரி.
சுவரில், சட்டையில், வாங்கி வைத்த ரொட்டியில்,
பியானோவின் வயிற்றில்
அவள் ஈரக்கை.

அதனால் பியானோவுக்குள் ஒரு பல்பு எரியும்.
மிதிகளுக்கு மேலே, பலகைக்குப் பின்னால்,
இருபத்தைந்து வாட்.
கரண்டைத் தின்கிறது என்று அப்பா முனகுவார்.
அணைக்க மாட்டார்.
தீவை விட்டுப் போன சர்க்கரை ஆலை அதிகாரி
பாதி விலைக்குத் தள்ளிவிட்ட பெட்டி அது.
அந்தப் பாதிக்கே
அம்மாவின் இரண்டு வளையல் போனது.

பத்தொன்பது வயதில் பாரிஸ்.
படிவத்தில் பெயருக்குக் கட்டம் போதவில்லை.
தெய்வானை வைத்திலிங்கம்
சுவரொட்டியில் டி. வைத்தி ஆனாள்.
போட்டியில் மூன்றாம் பரிசு.
முதல் பரிசுக்குத் தேதிகள் கிடைக்கும், அரங்கங்கள் கிடைக்கும்.
மூன்றாவதுக்கு
மிக நீளமான கைகுலுக்கல்.

கச்சேரி என்பது பெரும்பாலும் ரயில்.
மிச்சம் பியானோக்கள்,
ஒவ்வொன்றும் வேறு யாருடைய காலுக்கோ பழகிய செருப்பு.
ஐந்து மணிக்கு அறிமுகம், எட்டு மணிக்குக் கல்யாணம்,
பத்தரைக்கு மேடை பெருக்குகிறவர்
விளக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்.
ஓட்டல் மேசை விளிம்பில்
நாளைய பக்கங்களை ஓசையில்லாமல் வாசிப்பேன்.

ஒருமுறை லீலில் நினைவு தப்பியது.
இடக்கை மட்டும்
தூங்கிப்போன ஓட்டுநரின் பஸ்போல்
போய்க்கொண்டே இருந்தது.
எட்டுத் தாளக்கட்டு கழித்து வலக்கை ஓடிவந்து ஏறிக்கொண்டது.
யாரும் கவனிக்கவில்லை. கைதட்டினார்கள்.
நான் இன்னும் அந்த எட்டுக்குள்தான் இருக்கிறேன்.

நாற்பத்தொன்பதில் மோதிர விரல் மடங்கத் தொடங்கியது.
வலியில்லை.
கேட்காமல் கொள்ளாமல்
உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.
டாக்டர் அதற்கு அழகான பெயர் ஒன்று சொன்னார்.
ஏஜென்ட் ஒன்றும் சொல்லவில்லை;
ஃபோன் எடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

இப்போது கிரான் பே ஓட்டலில், வெள்ளி சனி.
ஒன்பது விரலுக்கு நானே மாற்றி எழுதிய பக்கங்கள்.
ஐஸ்கட்டி விழும் சத்தத்துக்கு நடுவே
ஒரு பயணி பிறந்தநாள் பாட்டு கேட்கிறார்.
வாசிக்கிறேன். நன்றாகவே வாசிக்கிறேன்.
அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.
லீலில் யாரும் துடைக்கவில்லை,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரியில் புயல், மூன்றாம் எச்சரிக்கை.
இரண்டு நாள் கரண்ட் இல்லை.
மூன்றாம் நாள், அழுத்திய கட்டைகள்
அழுத்திய இடத்திலேயே கிடந்தன.
கீழ்ப்பலகையைக் கழற்றினேன்.
அதுவரை அது அண்ணன் வேலை.
சதாசிவன், க்யூர்பீப்–மாயிபூர் பஸ்ஸில் கண்டக்டர்,
நான் இல்லாத முப்பத்தோரு வருஷமும்
இதற்குப் பல்பு மாற்றியவன்.
நான் வாசித்தால் கொட்டாவி விடுவான்.

பலகையின் உட்புறம் முழுக்கப் பென்சில்.
தேதி. தேதி. தேதி.
பக்கத்தில் கிரியோலில் ஒரே சொல்:
சாஞ்சே. மாற்றியாச்சு.
நூற்றுப் பதினேழு தடவை.

சிலவற்றில் கூட ஒரு வரி.
'விலை ஏறிவிட்டது. சாஞ்சே.'
'அப்பா நேற்று. சாஞ்சே.'
'ரேடியோவில் அவள். பாதியில் மழை இரைச்சல். சாஞ்சே.'
'எதற்கு என்று தெரியவில்லை. சாஞ்சே.'

டார்ச்சோடு பின்னால் வந்து நின்றான்.
'இப்ப வர்ற பல்பெல்லாம் வெளிச்சம்தான், சூடு கிடையாது' என்றான்.
சீனர் கடையை மூடியபோது
பழசில் ஒரு பெட்டி வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறானாம்.
அறுபது.
'அது தீர்ந்தா?' என்றேன்.

'அப்ப உனக்கு என்ன வயசிருக்கும்?' என்றான்,
காதிலிருந்து பென்சிலை எடுத்தபடி.