இடைவெளி இல்லாத பாட்டுக்குக் கூலி

ஆம்பூர். எண்பத்தொன்று, மாசி.
ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்
தோல் ஷாப்பின் கெஸ்ட் ஹவுஸ்.
ஜெர்மன்காரர்கள் ஏழு பேர்,
மெட்ராஸ் ஏஜெண்டுகள், அவர்கள் வீட்டுப் பெண்கள்,
முந்திரி வறுத்த தட்டு,
நாற்றம் வராமல் சாத்திய ஜன்னல்.

நான் காது குத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும்
குழாய் கட்டுகிறவன். ஏகாம்பரம்.
பாட்டு முடிந்தால் ஊசியைத் தூக்குவேன்,
தட்டைத் துடைப்பேன், பீடி பற்றவைப்பேன்,
அப்புறம்தான் அடுத்தது.
அந்த நேரத்தில்தான் ஊர் மூக்கு சிந்தும்,
இலை போடும்,
பங்காளிச் சண்டையை ஆரம்பிக்கும்.

அந்த நேரமே கூடாது என்றான் இத்ரீஸ்.
சாம்பிள் தோலோடு ஹாம்பர்க் போய் வந்தவன்.
"பூமிக்குக் கீழ ஒரு ரூம்பு.
ஒருத்தன் நிக்கிறான். பாடல. வாசிக்கல.
ரெண்டு தட்டு, நடுவுல ஒரு குமிழ்.
ஜனம் மொத்தமும்
அவன் கையப் பாத்துக்கினு ஆடுது."
"இன்னா பண்றான் அவன்?"
"ஒண்ணும் பண்ணல. நிறுத்த மாட்றான்."

பெட்டியில் பதினொரு தட்டு கொண்டுவந்திருந்தான்.
உறையில் படம் இல்லை, பேர் இல்லை.
என்னிடம் ஒரு பிளேயர்,
வாணியம்பாடி மைக் செட்டில் இன்னொன்று இரவல்.
கீழே சக்கரம் ஓட வேண்டும்,
மேலே தட்டு விரலுக்கு அடங்கி நிற்க வேண்டும்.
கையுறைக்கு வெட்டி மிஞ்சிய ஆட்டுத்தோலை
வட்டமாய் நறுக்கி இடையில் போட்டோம்.
வழுக்கியது, வெண்ணெய்.
உடைந்த டெலிபோனின் காதுத் துண்டு
வரப்போகிற பாட்டைக் கேட்க;
மற்ற காது, போய்க்கொண்டிருப்பதற்கு.

இத்ரீசுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்:
சாயங்காலம் மாதனூர்ப் பக்கம்
பம்புசெட்டுகள் கிளம்பினால்
மோட்டார் அரை மூச்சு இறங்கும்.
கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்து முடிகிறவரை
அந்த ஊர்ப் பெண்
தூக்கக் கலக்கத்தோடுதான் பாடுவாள்.
இரண்டாவது தட்டை அதற்கேற்ப
விரல் நுனியால் உரசி உரசி
நானும் இறக்குவேன்.

முதல் சேர்ப்பு, கால் இடறிய ஜட்கா.
ஒரு வெள்ளைக்காரன் சிரித்தான்.
இரண்டாவதும் அப்படியே.
நாலாவதில்
எது போனது, எது வந்தது
எனக்கே தெரியவில்லை.
ரோஸ்லின் என்று கூப்பிட்டார்கள் அந்தப் பெண்ணை,
செருப்பைச் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டு
நேராய் நடுவுக்கு வந்தாள்.
அதற்கப்புறம் யாரும் உட்காரவில்லை.

பதினொன்றே முக்காலுக்குக் கரண்டு போனது.
தட்டு மாடு கத்துவதுபோல் இழுத்து நின்றது.
இருட்டில் தூக்கிய கால் தூக்கியபடி.
அப்போது கேட்டது
பக்கத்து ஷெட்டில், டீசல் எஞ்சினில்,
தோல் சுழற்றும் மர டிரம்:
ஈரத்தோல் மேலே ஏறி விழுகிற
தொம்.
எண்ணிப் பார்த்தால் எட்டு அடிக்கு ஒரு
தொம்.
ரோஸ்லினின் வளையல் அதைப் பிடித்துக்கொண்டது.
யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.
கம்பிக்கு வெளியே ராத்திரி ஷிப்ட் ஆட்கள்,
முழங்கை வரை சாயம்,
எப்போதிலிருந்து நின்றார்களோ,
தோள்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

கரண்டு வந்தது.
தட்டை விரலால் நிறுத்திப் பிடித்தேன்.
ஒரு தொம் போகவிட்டேன்.
அடுத்ததில் விரலை எடுத்தேன்.

விடியுமுன் கேஷியர் முனிரத்தினம்.
பாட்டுக்கு ஒரு ரூபாய் என்று பேச்சு.
வெளித் தாழ்வாரத்தில் ராவெல்லாம் உட்கார்ந்து
கோடு போட்ட காகிதத்தை நீட்டினார்.
இரண்டே கோடு.
"கரண்டுக்கு மின்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு.
நடுவுல கேட்டது நம்ம டிரம்மு,
அதுக்கு உனக்கு எதுக்குக் காசு?"

இத்ரீஸ் பல்லைக் கடித்தான்.
நான் கையெழுத்துப் போட்டு
இரண்டு ரூபாயை வாங்கிக்கொண்டேன்.
ஒன்பது மணியிலிருந்து ஒரே பாட்டு
என்று கேட்டிருக்கிறாரே மனுஷன்!

குழாய் அவிழ்க்க ஏணி தேடினேன்.