இறங்குவரிசை

மாதேஸ்வரி காலி செய்த மேல்கட்டிலில்
ஒரு மெமரி கார்டு கிடந்தது, நகத்தளவு.
மறந்ததா, விட்டுப்போனதா
என்பது வார்டனிடம் கேட்கிற கேள்வியில்லை.

என் போன் எதையும் புதியதை முதலில் வைத்துத்தான் அடுக்கும்.
ஐந்து ஃபோல்டர்.
இரண்டாயிரத்துப் பதிமூன்று மேலே,
டெமோ என்றிருந்தது அடியில்.
எல்லாம் ஒரே குழு. அமெரிக்காவில் ஏதோ ஊர்.
இதை அவள் எனக்கு ஒருநாளும் போட்டுக் காட்டியதில்லை.
எனக்குப் பிடிபட்ட சொற்கள் இவ்வளவுதான்:
ஸ்னோ, கார், யுவர் மதர், ஸாரி.

ஓசூரில் நைட் ஷிஃப்ட் முடிந்து
ஆறு ஐந்துக்குத் தர்மபுரி வண்டி.
மத்திகிரி தாண்டும்வரை கடைசி ஆல்பம்.
ஒருத்தன் மட்டும் பாடுகிறான், பியானோவோடு,
சாப்பிடாமல் தட்டை நகர்த்துகிறவன் குரலில்.
டிரம்ஸை மெஷின் அடிக்கிறது,
எங்கள் லைனில் ஸ்க்ரூ இறங்குகிற அதே சீர்.
நினைத்தேன்: இவன் தனியாள். பிறந்ததிலிருந்தே தனியாள்.

கெலமங்கலத்தில் இன்னொரு கிடார் வந்து சேர்ந்தது.
பேச்சு நின்றுபோன இருவர்
ஒரே சமையலறையில் பாத்திரம் எடுத்துவைப்பதுபோல்
ஒருவர் கை நின்ற பிறகே மற்றவர்.

ராயக்கோட்டை. தக்காளி விலை விழுந்த நாள்.
கிலோ மூன்று ரூபாயாம், மண்டி வாசலிலேயே கொட்டியிருந்தார்கள்.
டயர் ஏறிய அந்தச் சிவப்பின் நடுவே
ஒரு டிரம்பெட்.
சத்தியமாக டிரம்பெட்தான்,
கல்யாண பேண்டு செட்டில் வருமே, அது,
ஆனால் எந்த மாப்பிள்ளையும் இல்லாமல்
ஒரு மூலையில் நின்று ஊதுகிறது.
டிரம்மர் திரும்பிவிட்டான்.
கோபமாக வந்திருக்கிறான்,
வந்துவிட்டான்.

மாரண்டஅள்ளியில் நாலு பேரும் கத்தினார்கள்.
ஒருவன் தொண்டை கிழிய,
இன்னொருவன் பின்னாலிருந்து அதே வரியை வேறு மெட்டில்.
பக்கத்து சீட் அம்மாள் கேட்டாள்,
"காதுக்குள்ள யாரு பாப்பா திட்டறது?"
திட்டலைங்க என்றேன்.
வேறென்ன செய்கிறார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பாலக்கோடு, சர்க்கரை ஆலை வாடையோடு
டெமோ.
ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு பாடியதுபோல் ஒரு பதிவு.
நாய் குரைக்கிறது. யாரோ கதவைத் திறக்கிறார்கள்.
ஒன், டூ, த்ரீ என்று எண்ணி
நாலு வருமுன்பே ஒருவன் தொடங்கிவிட
எல்லாரும் சிரிக்கிறார்கள்.
மறுபடி எண்ணுகிறார்கள்.
அத்தோடு அவர்கள் கதை முடிந்தது.

அன்றிலிருந்து அவளையும் அப்படியே அடுக்குகிறேன்.
மார்ச் பதினொன்று முதலில்: சுருட்டிய பாய், பார்க்காமல் போனது.
அடுத்து அறுநூறு ரூபாய்ச் சண்டை.
அதன் கீழே நான் சொல்லியிருக்கக் கூடாத ஒரு சொல்,
அதையும் அழிக்க முடியாது, ஃபோல்டர் குறையும்.
பிறகு சினிமாப் பாட்டுக்கு ஆளுக்கொரு காதாய் இயர்போன்,
அவள் பக்கம் ஊமையென்று
ஆறு மாதம் சொல்லவே இல்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.
கடைசியாக, கேட் வாசல்.
ஐடி கார்டு தலைகீழாய்த் தொங்க
"ஏங்க, பி பிளாக் எந்தப் பக்கம்?" என்கிறாள்.
இன்னும் என் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

ஆடியில் புதுப் போன் வாங்கினேன்.
அது எல்லாவற்றையும் ஏறுவரிசையில் சரிசெய்துவிட்டது.
ஒரே ஒருமுறை கேட்டேன்.
சிரித்தார்கள், கத்தினார்கள்,
ஒவ்வொருவராய் இறங்கிப் போனார்கள்.
பியானோவோடு ஒருவன் மிஞ்சியபோது
வண்டி தர்மபுரிக்குள் நுழைந்திருந்தது.
கண்டக்டர் தகரத்தைத் தட்டினார்:
"கடைசி ஸ்டாப்பு, எறங்கு எறங்கு."

பழைய போன் சார்ஜில் கிடக்கிறது.
பேட்டரி உப்பி, பின்மூடி நிற்பதில்லை.
ரப்பர்பேண்டு போட்டிருக்கிறேன்.