நூற்றுப் பதிமூன்றாவது ஆடு

நூற்றுப் பன்னிரண்டாவது ஆட்டைத்
தொடை மாற்றித் திருப்பும்போது விழுந்தேன்.
ஆடு எழுந்து ஓடிவிட்டது,
பாதிக் கம்பளி தரையில் இழுபட.
நான் எழவில்லை.

புந்தா அரேனாஸ் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள்.
"இங்கே" என்று பேனா முனையால் தொட்டார் டாக்டர்,
சிலே தேசத்தின் வரைபடத்தில் ஏதோ ஊரைக் காட்டுவது போல.
மாத்திரை. வெந்நீர்ப் பை. ஆறு வாரம்.
ஆறு பன்னிரண்டாயிற்று.
காலையில் ஓரியானா குனிந்து
என் ஷூ நாடாவைக் கட்டிவிடுவாள்,
நிமிர்ந்து என் முகம் பார்க்க மாட்டாள்.
படத்தில் விழாத வலி அது.

தச்சுப் பட்டறைக்கு மேலே நெவென்காவின் கூடம்.
ஏறும்போதே மரத்தூள் வாசனை.
முதுகைக் காட்டப் போனேன்.
"ஷூவைக் கழற்றித் தாருங்கள்" என்றாள்.
வலது குதி ஓரமாய்த் தேய்ந்திருந்தது.
கடன் பத்திரம் படிக்கிறவள் போல
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
எந்தப் பக்கம் படுப்பீர்கள்,
இரவில் எத்தனை முறை விழிப்பு,
காற்று அடித்தால் எந்தத் தோளை முன்னே கொடுப்பீர்கள்,
கடைசியாக எப்போது ஓடினீர்கள்?
ஓட்டமா? பதினேழு வயதில்.
குதிரை தள்ளியது, கணுக்கால் பிசகியது,
துணி சுற்றிக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போனேன்.
யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.
"வேலை செய்யும்போது மூச்சை எப்போது விடுவீர்கள்?"
ஆட்டை விடும்போது, என்றேன்.
அதை மட்டும் எழுதிக்கொண்டாள்.

பிறகு தரை.
ஐம்பத்திரண்டு வயது, எண்பத்தொன்பது கிலோ,
கம்பளி கத்தரிப்பதில் மூன்று பண்ணைக்குப் பெயர் போனவன்
பாயில் உருண்டேன்.
தவழ்ந்தேன்.
ஒற்றைக் காலில் நின்று பல் துலக்கினேன்.
கீழே இழைப்புளி ஓடும் சத்தம்;
அங்கே யாரோ உருப்படியாய் ஏதோ செய்துகொண்டிருந்தார்கள்.
நாலாவது வாரம் கத்தினேன்:
என் வேலை என்னவென்று தெரியுமா உனக்கு?

தெரியாது, என்றாள்.
பாயின் நடுவில் போய்
என் கால்களுக்கிடையே முதுகு சாய்த்து உட்கார்ந்தாள்.
"நான் ஆடு. கத்தரியுங்கள்."

சிரிப்பதா, இறங்கிப் போய்விடுவதா?
கையில் ஒரு தலைசீவும் பிரஷ் இருந்தது.
கைக்கு வேலை தெரியும், அது என்னைக் கேட்கவில்லை.
தாடையைப் பிடித்தேன், முழங்காலைத் தோளுக்கடியில் கொடுத்தேன்,
வயிற்றிலிருந்து தொடங்கினேன்.
நல்ல ஆடு இல்லை அவள், விறைத்துக் கிடந்தாள்.
உதைக்கிற ஆட்டைத் திட்டுகிறவன்
தொழில் தெரியாதவன்.
பாதத்தை அரை அடி தள்ளி வைத்தேன்.
துணிமூட்டை போலத் தளர்ந்தாள்.

"இப்போது என்ன செய்தீர்கள்?"
ஒன்றுமில்லை.
அதற்குக் கொஞ்சம் இடம் விட்டேன்.

அவள் பதில் சொல்லவில்லை.
சொன்னதை நானே கேட்டுக்கொண்டு நின்றேன்.

கணுக்கால் மடங்க மறுத்த வேலையை
முப்பத்தைந்து வருடம் முதுகு பார்த்திருக்கிறது,
கூலி கேட்காமல்.
இப்போது வட்டியும் முதலுமாய்.
அன்று முதல் கணுக்காலிலிருந்து தொடங்கினோம்,
மூச்சிலிருந்தும்,
இரவு ரொட்டிக்குப் பின் நான் குடிக்கும் மூன்றாவது காபியிலிருந்தும்.

நவம்பரில் மறுபடி கொட்டகை.
நாளுக்கு எழுபது ஆடு.
பையன்கள் பலகையில் என் எண்ணைப் பார்த்துவிட்டு
வேறெங்கோ பார்க்கிறார்கள்.
வலி இருக்கிறது, மழைநாளில் வரும் சொந்தக்காரனைப் போல.
வந்தால் உட்காரச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில்
ஆளைத் தூக்கும் காற்று.
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டியிருந்தார்கள்.
முன்னே போன ஓரியானாவின் நாடா அவிழ்ந்து
சாட்டை மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.
மூச்சை விட்டேன், மண்டியிட்டேன்.
கணுக்கால் மடங்கியது.
விரல்கள் மரத்திருந்தன, முதல் முடிச்சு நிற்கவில்லை,
இன்னொரு முறை கட்டினேன்.
அவள் இந்த முறை என் முகத்தைப் பார்த்தாள்,
ஏதோ சொன்னாள், காற்று கொண்டுபோய்விட்டது.

எழுவதற்குக் கயிறு தேவைப்பட்டது.