நடுவரைச் சோப்பாக்கு

கினேஷ்மாவில் அந்தச் சனிக்கிழமை
எண்பத்தெட்டாம் நிமிடம்
ஓரக்கோட்டில் கொடி உயர்ந்தது.
ரோதியோன் லாப்தெவ் விசில் ஊதினார்.
வலைக்குள் கிடந்த பந்து
கோல் இல்லை என்றாயிற்று.

முதலில் ஒரே ஒரு குரல்,
தகரத்தைத் தரையில் இழுத்தது மாதிரி.
பிறகு கிழக்கு கேலரி முழுக்க:
"நடுவரைச் சோப்பாக்கு!"

அந்த ஊர்ப் பேச்சில் பழைய வசவு அது.
வண்டி இழுக்க மாட்டாத குதிரையை
சோப்புக் காய்ச்சுபவனிடம் ஓட்டிப்போன காலத்தது.
குதிரை போயிற்று, கொப்பரை போயிற்று,
வசவு மட்டும்
எத்தனை மழைக்கும் கரையவில்லை.

பத்தொன்பது வருட விசில்.
அவரை வெளுத்து வாங்காத ஊர்
வோல்காக் கரையில் இல்லை.
ஆனாலும் அன்றிரவு குளியலறையில்
துணி சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பழுப்புக் கட்டி. மேலே அச்சு: 72%.
தன் எடை எண்பத்தாறு கிலோ.
எலும்பைக் கழித்து, தண்ணீரைக் கழித்து...
"தைஸ்யா, நான் எத்தனை கட்டி தேறுவேன்?"
கதவுக்கு வெளியே பதில் வந்தது:
"உன் சட்டைக் காலருக்கே பத்தாது."

செவ்வாய்க்கிழமைகளில் அவர்
தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர்.
நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது,
நுரை தள்ள ஏறினார்.
"பூட்ஸைக் கழற்றிட்டு வாங்க."
தரையில் இழுபட்ட தகரம்.

ஒன்றும் சொல்லவில்லை.
தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து
துருப்பிடித்த மூடியைத் திருகி
எண்ணைக் குறித்துக்கொண்டு எழுந்தபோது
முழங்கைவரை கறுப்பு.

"இந்தாங்க, சோப்பு" என்றான் அவன்.

அதே சொல்தான்.
இதற்குள் குதிரை இல்லை.
கொஞ்சம் பைன் வாசனை, நடுவில் ஒரு வெடிப்பு,
யாரோ ஒரு குழந்தையின் நகக்குறி.

நீட்டியவன் அப்போதுதான் முகத்தைப் பார்த்தான்.
கட்டியை விடவில்லை.
இவரும் விடவில்லை.

"அது ஆஃப்சைடே இல்ல."
"ஒரு முழங்கால் முன்னாடி."
"எந்த முழங்கால்?"

குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது,
மீட்டரும்.
ஈரக் கட்டி நான்கு கைகளிலிருந்தும் நழுவி
தொட்டிக்கு அடியில்
இருட்டுக்குள் ஓடிப்போனது.

இருவரும் குனிந்தார்கள்.
"இடது" என்றார் லாப்தெவ்,
கையை உள்ளே விட்டுத் துழாவியபடி.