மூன்று தும்மல்

பாலம் மேலே போய்க்கொண்டிருக்கிறது.
கடற்படைக் கப்பல் ஒன்று ஆற்றுக்குள் வருகிறதாம்.
என் முதுகுக்குப் பின்னால் ஈரக் குடைகள்,
ஒரு செலோப் பெட்டி,
பன்னுக்காக அழுகிற ஒரு பையன்.
டிராம் ஓட்டுகிறவள்
தொடைகளை இறுக்கிக்கொண்டு
எண்ணிக்கொண்டிருப்பது
அவர்களுக்குத் தெரியாது.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்கில் எப்போதும் நழுவிவிடும்.

இந்தத் தடத்தின் நிறுத்தங்களை
நான் வேறு பெயர்களில் வைத்திருக்கிறேன்:
சாவி கேட்டு வாங்க வேண்டிய மதுக்கடை.
யாரும் கேள்வி கேட்காத நூலகம்.
தாழ்ப்பாள் உடைந்த பணிமனை.
திரும்பும் முனையில் நான்கு நிமிடம்.
ஓடிப் போய், ஓடி வந்து,
மணியடித்துக் கிளப்பும்போது
என் முகத்தில் ஒன்றும் இருக்காது.

பிரெஸ்ட் மழை பெய்யும் ஊர்.
எனக்கு அது ஒரு வசதி.
இங்கே யார் உடுப்பு நனைந்தாலும்
மழை என்று சொல்லிக்கொள்ளலாம்.

எனோராவுக்கு இருபத்திரண்டு மாதம்.
பிறக்கும்போது நாலே கால் கிலோ,
இடுக்கி போட்டு எடுத்தார்கள்.
அழகான குழந்தை என்றார்கள்.
அழகுதான்.
வந்த வழிக் கதவை
அவள் சரியாகச் சாத்தவில்லை,
அவ்வளவுதான்.

பத்துமுறை வரச்சொல்லிச் சீட்டு எழுதினார்கள்.
மூன்றுமுறை போனேன்.
பிறகு வேலைநேரம் மாறியது,
பிறகு குழந்தைக்குக் காதுவலி,
பிறகு
சோம்பலின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த வெட்கம்.

போன ஞாயிறு துக்துவால்
சின்னச் சட்டைகளை மடித்து அடுக்கினான்.
'மூன்று மாதம் வரை' என்று
பெட்டியின் மேல் எழுதினான்.
நாடாவை ஒட்டாமல் கையில் வைத்துக்கொண்டு,
"கொடுத்துவிடலாமா, வைத்திருக்கலாமா?"
அவன் கேட்கத் தெரிந்தவன்.
"வை" என்றேன்,
யோசிப்பதற்கு முன்பே.

இரவு முழுக்க யோசித்தேன்.
இன்னொரு தலை வேண்டும்
என் கழுத்தடியில், பால்வாசத்தோடு.
ட்ராம்போலினில் எனோராவோடு குதிக்கவும் வேண்டும்,
உலர்ந்தே இறங்கவும் வேண்டும்.
இது இரண்டு ஆசையா, ஒன்றா?
ஒன்றுக்காக மற்றதை விற்க வேண்டுமென்றால்
எந்தக் கடையில், என்ன விலைக்கு?

நான்காம்முறை போனபோது
மருத்துவச்சி அன்னாயிக்
ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை.
கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டாள்.
"லிஃப்ட் ஏறுவதாக நினைத்துக்கொள்.
முதல் மாடி. இரண்டாம் மாடி.
அங்கேயே நிறுத்து. மூச்சை மட்டும் விடு."
எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை,
எனக்குத் தெரிந்தது பாலம்தான் என்றேன்.
சிரித்தாள். "சரி, பாலத்தை ஏற்று."

கேட்டுவிட்டேன், கூரையைப் பார்த்தபடி:
இப்படி ஒழுகிக்கொண்டே
இன்னொன்றுக்கு ஆசைப்படலாமா?
"ஒழுகுகிற கூரையைச் சரிபார்த்துவிட்டு
விருந்தாளியைக் கூப்பிடு.
முழுக்க நின்றுவிடும் என்று
நான் சத்தியம் செய்ய மாட்டேன்.
இப்போது சேர்க்கிற பலம் அப்போது உதவும்.
திரும்ப ஒழுகினால் திரும்ப வா.
ஆனால் வா."

கப்பல் கடந்துவிட்டது, சாம்பல் நிறம், அவசரமே இல்லாமல்.
பாலம் இறங்குகிறது.
நான் இன்னும் ஏற்றிப் பிடித்திருக்கிறேன்:
ஆறு. ஏழு.
ஏழு!
பன்னுக்கு அழுத பையனிடம்
சொல்லிவிடலாம் போலிருந்தது.

வீட்டில் மிளகுத்தூள் டப்பாவை
எனோரா திறந்துவிட்டிருக்கிறாள்.
எங்கள் ஊரில் தும்மலுக்கு வாழ்த்து உண்டு.
முதல் தும்மல்.
"உன் விருப்பங்கள் நிறைவேறட்டும்" என்கிறான் துக்துவால்.
பிடித்துவிட்டேன்.
இரண்டாவது.
"உன் காதல்களும்."
மேசையைப் பற்றிக்கொண்டு, பிடித்துவிட்டேன்.
மூன்றாவது.
"என்றென்றைக்கும் நிலைக்கட்டும்."

ஒரு சொட்டு.

அவன் என் முகத்தைப் பார்க்கிறான்.
நான் சிரிக்கிறேன், அதனால் இன்னொரு சொட்டு.
அறை மூலையில்
அந்தப் பெட்டி,
நாடா ஒட்டாமல்.